பழைய வீட்டுச் சுவரில் முருகைக்கல்: இவை எந்தெந்தப் பவளங்கள்?

பாம்பன்வீடு எழுதியது:

வணக்கம். பாம்பனில் என் பாட்டி வீட்டின் மேற்குச் சுவரில், போன மழைக்கு ஓர் ஆள் உயரத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. உள்ளே செங்கல்லே இல்லை, முழுக்க முருகைக்கல். சின்ன வயதில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பனங்கிழங்கு தின்றிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் இருந்தது கடலுக்கடியில் வளர்ந்த உயிர் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

மூன்று கற்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

கல் 1: ஒன்றரை அடி அகலம். தள்ளி நின்று பார்த்தால் வெறும் சுண்ணாம்புக் கட்டி. கிட்டப் போனால் ஊசியால் குத்தியது போலக் கணக்கில்லாத புள்ளிகள்.

கல் 2: தேனடை. ஒவ்வொரு குழிக்குள்ளும் என் சுண்டுவிரல் நுனி அடங்குகிறது.

கல் 3: வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள், நடுவே மேடுகள்.

கற்களுக்கு இடையே உள்ள சுண்ணாம்புச் சாந்தில் பென்சில் பருமனுள்ள குச்சித் துண்டுகளும் கிடக்கின்றன. வடிவத்தை வைத்தே பவளத்தின் பெயரைச் சொல்லிவிடலாம் என்று எங்கோ படித்தேன். இரண்டு வாரத்தில் கொத்தனார் வந்து பூசிவிடுவார். அதற்குள் யாராவது சொல்வீர்களா?

மூழ்குகாரன் எழுதியது:

இது எளிது. கல் 1 உருண்டைப் பவளம், அதாவது பொரைட்டிஸ். கல் 2 ஃபேவியா. கல் 3 மூளைப் பவளம். குச்சிகள் மான்கொம்பு, அதாவது அக்ரோபோரா. பத்து ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பாறையின் உருவமே போதும். உருண்டை, கிளை, தட்டு, இலை என்று பிரித்துக்கொண்டால் வேலை முடிந்தது.

கடல்வாத்தியார் எழுதியது:

தம்பி மூழ்குகாரன், வேலை முடியவில்லை, இனிமேல்தான் தொடங்குகிறது. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பவளக் கூட்டத்தின் உருவம், அது எங்கே வளர்ந்தது என்பதைச் சொல்லும். யார் என்பதைச் சொல்லாது. டர்பினேரியா மெசென்டெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் நிறைந்த ஆழமற்ற இடத்தில் முட்டைக்கோசு போல மடிந்து மடிந்து நிற்கும். வெளிச்சம் குறைந்த ஆழத்தில் அகன்ற தட்டாக விரிந்துவிடும். ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் துண்டுகளை இடம் மாற்றி நட்டுப் பார்த்தார்கள். புதிய இடத்துக்கு ஏற்ற உருவத்துக்கு அது மாறியது. உருவத்தை மட்டும் பார்ப்பவர் ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வைப்பார். எதிர்ப்பக்கமும் உண்டு. பொரைட்டிஸிலேயே உருண்டை இருக்கிறது, விரல் போலக் கிளைத்ததும் இருக்கிறது. மாண்டிபோராவில் கிளை, இலை, பூச்சு மூன்றும் உண்டு. உங்கள் நான்கு பெட்டிகளில் மாண்டிபோராவை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

பார்க்க வேண்டியது கிண்ணம். ஒவ்வொரு பவள உயிரும் தன் அடியில் கட்டிக்கொள்ளும் சின்னச் சுண்ணக் கிண்ணம். கிண்ணத்தின் சுவரிலிருந்து நடுவை நோக்கித் தகடுகள் வரும். பாறை கட்டும் பவளங்களில் அவை ஆறின் மடங்கில் அமையும்: ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு. நடுவில் ஒரு தண்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சில தகடுகளின் உள்முனையில் பாலி எனப்படும் சின்னக் குமிழ் நிமிர்ந்து நிற்கும். அடுத்தடுத்த கிண்ணங்களுக்குச் சுவர் பொதுவா, தனித்தனியா, அல்லது சுவரே இல்லாமல் கிண்ணங்கள் சேர்ந்து நீண்ட பள்ளமாகிவிட்டனவா? பேரினம் வரை போக இவை போதும்.

பாம்பன்வீடு, கல் 1 படத்தில் தெரியும் கிண்ணங்களின் அளவைப் பார்த்தால் அது பொரைட்டிஸ் இல்லை, கோனியோபோரா என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாம்பன்வீடு எழுதியது:

ஐயா, நன்றி. ஒரு தப்பு செய்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். கல் நன்றாகத் தெரியட்டும் என்று தெருவில் ஒருவர் சொன்னதைக் கேட்டு, கல் 2-இன் கீழ் மூலையில் கழிவறை கழுவும் ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தேன். பொங்கியது. பிறகு பார்த்தால் அந்த மூலை பாதி கரைந்த சோப்புக் கட்டி போல வழவழவென்று ஆகிவிட்டது. குழிகள் இருக்கின்றன, குழிக்குள் ஒன்றுமே இல்லை.

கடல்வாத்தியார் எழுதியது:

ஐயோ! அந்தக் கல் முழுக்கக் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் முதலில் கரைவது மெல்லிய தகடுகள்தான். நாம் பார்க்க வேண்டியதும் அந்தத் தகடுகளைத்தான். போனது போகட்டும். இனி எலுமிச்சம்பழம், புளி, வினிகர் எதுவும் வேண்டாம். மென்மையான பல்துலக்கியும் வெறும் தண்ணீரும் போதும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிவதெல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், அது கிடைத்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும்.

நெடுந்தீவான் எழுதியது:

எங்கள் தீவில் வளவுகளைச் சுற்றி வேலிக்குப் பதிலாக முருகைக்கல்லை அடுக்கி மதில் வைத்திருப்பார்கள். சாந்து பூசாமல், கல்லின் மேல் கல். பவளப்பாறை என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் முருகைக்கற்பாறை என்போம். மதிலில் ஒரு கல்லில் பள்ளங்கள் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் இருக்கின்றன. தகடுகளின் விளிம்பில் ரம்பப் பல் போலக் கூர் வரிசை. சிறுவயதில் அதில் கால் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. இதுவும் மூளைப் பவளமா?

கடல்வாத்தியார் எழுதியது:

ஆமாம், மூளைப் பவளம் என்று அதையும் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்மேல் கோபம் வருவதே இதனால்தான். அது ஒரு சாயலின் பெயர், குடும்பத்தின் பெயர் இல்லை. நீங்கள் சொல்லும் அகலமும் பல்லும் சிம்ஃபில்லியாவைக் காட்டுகின்றன. இப்போது அதை லோபோஃபில்லியாவோடு சேர்த்துவிட்டார்கள். பாம்பன்வீட்டாரின் கல் 3-இல் பள்ளம் சுமார் அரை சென்டிமீட்டர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டும் வெவ்வேறு குடும்பம். உங்கள் தழும்பே ஓர் அடையாளக் குறிப்பு: அந்தக் குடும்பத்தின் தகட்டுப் பற்கள் பெரியவை.

பாம்பன்வீடு எழுதியது:

தம்பி மகனின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து அளவுகோல் எடுத்துக்கொண்டேன். நேற்று இரவு மின்விளக்கை அணைத்து டார்ச் அடித்தேன். பாட்டி, "செத்தவனைத் தேடுகிறாயா?" என்று கேட்டார்.

கல் 1: கிண்ணத்தின் குறுக்களவு ஒன்றேகால் மில்லிமீட்டர். முதல் படத்தை நான்தான் மிகவும் பெரிதாக்கிப் போட்டுவிட்டேன். தகடுகளை லென்ஸில் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணினேன், பன்னிரண்டு. மூன்று கிண்ணங்களில் எண்ணியும் பன்னிரண்டே வந்தது.

ஒரு குழப்பம். கல்லின் இடது பக்கம் புள்ளிகளே இல்லை. நூல் கட்டியது போல இணைகோடுகள்தான் ஓடுகின்றன. இது வேறு பவளம் ஒட்டியதா?

கடல்வாத்தியார் எழுதியது:

நான் தவறு. மூழ்குகாரன் சொன்னது சரி: பொரைட்டிஸ்.

ஏன் ஏமாந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கோனியோபோராவும் பொரைட்டிஸும் ஒரே குடும்பம், கிண்ணத்தின் கட்டமைப்பில் ஒற்றுமை உண்டு. ஆனால் கோனியோபோராவின் கிண்ணம் பொதுவாக மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர், தகடுகள் இருபத்துநான்கு. பொரைட்டிஸ் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான், தகடுகள் பன்னிரண்டு. அளவுகோல் இல்லாத படத்தைப் பார்த்து வாயைத் திறந்திருக்கக் கூடாது. மாணவர்களிடம் இதற்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

இணைகோடுகள் வேறு பவளம் இல்லை, அதே கல்தான். உயிர் மேல்நோக்கி வளரும்போது பழைய கிண்ணத்தை விட்டுவிட்டு அதன்மேல் புதியதைக் கட்டுகிறது. ஆகவே கல்லுக்குள் ஒவ்வொரு கிண்ணமும் ஒரு நீண்ட குழாய். மேல்தளத்தில் பார்த்தால் தகடுகள் நட்சத்திரம் போலத் தெரியும், வெட்டிய பக்கத்தில் கோடு. கொத்தனார் கல்லைப் படுக்கப் போட்டுக் கட்டியிருக்கிறார், கடலில் மேலே பார்த்த முகம் இப்போது தெருவைப் பார்க்கிறது. வாழைத்தண்டைக் குறுக்கே நறுக்கினால் வட்டம், நீளவாக்கில் பிளந்தால் நார், அது போல.

இன்னும் கிட்டப் போக ஆசை இருந்தால்: அந்தப் பன்னிரண்டு தகடுகள் சமமாக நிற்காது. ஒரு முனையில் தனித்தகடு ஒன்று, இரு பக்கமும் நான்கு சோடிகள், எதிர்முனையில் மூன்று சேர்ந்த ஒரு கொத்து. அந்த மூன்றின் உள்முனைகள் ஒட்டியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா? ஒட்டியிருந்து ஐந்து பாலி உயரமாக நின்றால் பொரைட்டிஸ் லூட்டியா பக்கம் போகலாம். விலகியிருந்தால் பொரைட்டிஸ் லொபாட்டா பக்கம்.

ஆய்வுமாணவி எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நான் பவள வகைப்பாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிண்ணமும் எங்களை ஏமாற்றியிருக்கிறது. அட்லாண்டிக்கிலும் இந்திய, பசிபிக் கடல்களிலும் உள்ள பவளங்களைக் கிண்ணத்தின் அமைப்பை வைத்து ஒரே ஃபேவியாவில் வைத்திருந்தோம். 2004-இல் டி.என்.ஏ. ஒப்பீடு வந்தபோது, அட்லாண்டிக் ஃபேவியாவுக்கு நெருங்கிய உறவு அதே கடலில் உள்ள வேறு தோற்றமுடைய பவளங்களே என்று தெரிந்தது. நம் கடல்களில் உள்ளவை வேறு கிளை. 2012-இல் நம் பக்கத்து ஃபேவியாக்களுக்கு டிப்சாஸ்ட்ரேயா என்ற பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள், குடும்பமும் மெருலினிடே ஆனது. ஆகவே மூழ்குகாரன் அண்ணா "ஃபேவியா" என்று எழுதியது, கல் அதுவாகவே இருந்தாலும், இன்று செல்லாது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு எலும்புக்கூடு பொய் சொல்கிறது என்று முடிவுகட்டவும் வேண்டாம். மின்னணு நுண்ணோக்கியில் தகட்டின் பற்களையும் பற்களின் மேலுள்ள மணிகளையும் பார்த்தால், அவை டி.என்.ஏ. காட்டும் உறவோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. எந்த அளவில் பார்க்க வேண்டுமோ அந்த அளவில் முன்பு பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூழ்குகாரன் எழுதியது:

கல் 1-இல் என் பக்கம் தீர்ப்பு வந்ததை எல்லோரும் கவனித்தீர்கள் என்று நம்புகிறேன்.

ஆனால் வாத்தியார் ஐயாவுக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தமானில் முதல்முறை மூழ்கியபோது, கிளைகிளையாக மஞ்சளும் பழுப்புமாக நின்ற ஒன்றைப் பவளம் என்று நினைத்து, நீரோட்டத்தில் நிலைகொள்ள அதைப் பிடித்தேன். மணிக்கட்டு முழுக்கத் தீப்பட்டது போல எரிந்து, மூன்று நாள் தடித்திருந்தது. அது மில்லிபோரா, தீப்பவளம். உருவத்தில் பவளமேதான்.

கடல்வாத்தியார் எழுதியது:

மில்லிபோரா பவளக் குலமே இல்லை, ஹைட்ரா வகையறா. காய்ந்த எலும்புக்கூட்டை லென்ஸில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். நட்சத்திரமே இருக்காது. தகடு இல்லாத ஊசித் துளைகள்தான், அதிலும் இரண்டு அளவு: கொஞ்சம் பெரிய துளை ஒன்று, அதைச் சுற்றிச் சிறிய துளைகள். பெரியது தின்பதற்கு, சிறியது கொட்டுவதற்கு.

அந்தமானில் நீலப் பவளத்தையும் பார்த்திருப்பீர்கள். ஹீலியோபோரா. உயிரோடு பழுப்பாக நிற்கும், உடைத்தால் உள்ளே நீலக் கல். அதுவும் ஆறு தகட்டுக் கூட்டத்தில் சேராது, எட்டு கைகளுள்ள உயிர்களின் கூட்டம். நகைக்கடைச் சிவப்புப் பவளமும் அந்த எட்டுக்கைக் கூட்டம்தான். மோதிரத்தில் போடுகிற பவளத்துக்கும் பாம்பன் சுவருக்கும் தூரத்து உறவுகூடச் சரியாகச் சொல்ல வராது.

தூத்துக்குடிமுத்து எழுதியது:

நான் வாரக் கடைசியில் கடற்கரையில் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி வருகிறேன். ஒரு பை சேர்ந்தால் வீட்டில் வைத்து அடையாளம் பார்க்கலாமே, சுவரை ஏன் நோண்ட வேண்டும்?

ஆய்வுமாணவி எழுதியது:

வேண்டாம் அண்ணா, பொறுக்காதீர்கள். 2001 முதல் பாறை கட்டும் எல்லாப் பவளங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தீப்பவளம், கருப்புப் பவளம், கடல்விசிறி எல்லாமே அதில் உண்டு. செத்தது, ஒதுங்கியது என்பதெல்லாம் காரணமாகாது. இருந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படமெடுத்துவிட்டு வந்துவிடுங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் சி. எஸ். கோபிநாத பிள்ளை போன்றவர்கள் எலும்புக்கூடுகளை வரிசைப்படுத்திப் பெயரிட்ட காலம் வேறு.

சங்குகுளிமகன் எழுதியது:

அக்கா சொல்வது சரி. சங்கு குளிக்கும் வீட்டுப் பிள்ளை நான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் பாரை, அதாவது கடலடிப் பவளப்பாறையை, உடைத்து வள்ளம் வள்ளமாகக் காளவாய்க்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பு சுட. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கடியில். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று எழுதுகிறவர்கள் அந்த இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள்.

பெயர் சொல்வது பற்றி எனக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பாரில் கால் வைத்தாலே தெரியும். கொம்பு நிறைந்த பார் காலடியில் நொறுங்கும், குண்டுக்கல் பார் வழுக்கும். 1998 கோடையில் பார் வெளுத்த பிறகு கொம்புப் பார்தான் முதலில் போயிற்று என்பார். குண்டுக்கல் பெரும்பாலும் தாங்கிக்கொண்டதாம்.

பாம்பன்வீடு எழுதியது:

கல் 2, கல் 3, குச்சிகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல் 2: கிண்ணங்கள் ஒன்பது, பத்து மில்லிமீட்டர். இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே உள்ள மேட்டை லென்ஸில் பார்த்தேன். நடுவில் பிரிகோடு எதுவும் இல்லை, ஒரே சுவரை இரு பக்கமும் பங்கிட்டிருக்கிறார்கள், எங்கள் ஊர் வரிசை வீடுகள் போல. வெயில் படாமல் சாந்து மூடியிருந்த இடத்தில் இரண்டு கிண்ணங்கள் புதிதாகவே இருந்தன. அவற்றில் பாலி வளையம் எதுவும் தெரியவில்லை. தகடுகள் நேராகக் கீழே இறங்கி, நடுவில் பஞ்சு போன்ற தண்டில் முடிகின்றன.

கல் 3: பள்ளத்தின் அகலம் ஐந்து மில்லிமீட்டர். தகடுகள் ஒழுங்கில்லாமல், விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கின்றன. பள்ளத்தின் அடியில் தொடர்ச்சியான சுவர் போல எதுவும் இல்லை, நூல்கண்டு சிக்கியது போலச் சிக்கல்தான்.

குச்சிகள்: எட்டுத் துண்டுகள். உடைந்த முனையைப் பார்த்தேன். ஐந்தில் நடுவில் ஒரு வட்டக் குழி, அதற்குள் ஆறு கோடுள்ள நட்சத்திரம். பக்கங்களிலும் சின்னச் சின்னக் குழாய்கள் துருத்திக்கொண்டிருந்த தடம். மற்ற மூன்றில் நடுவில் ஒன்றும் இல்லை.

கடல்வாத்தியார் எழுதியது:

பாம்பன்வீடு, நீங்கள் என் வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.

கல் 2: பொதுச் சுவர் என்பதால் டிப்சாஸ்ட்ரேயா இல்லை. அதில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் சொந்தச் சுவர், நடுவே சந்து இருக்கும். பாலி வளையம் தெளிவாக இருந்தால் கோனியாஸ்ட்ரேயாவை நினைக்கலாம், அதுவும் இல்லை. எனவே ஃபேவைட்டிஸ். எந்த ஃபேவைட்டிஸ் என்று கேட்காதீர்கள். தேய்ந்த கல்லில் இனப் பெயர் எழுதுபவரை நான் நம்புவதில்லை.

கல் 3: பிளாட்டிகைரா. அதன் இரட்டையர் போலத் தோன்றும் லெப்டோரியாவில் தகடுகள் சீப்புப் பல் போல ஒரே சீராக நிற்கும். பள்ளத்தின் அடியில் நடுத்தண்டு தகடாக நீண்டு ஓடும். உங்கள் நூல்கண்டு அதை விலக்கிவிட்டது.

நட்சத்திரம் உள்ள ஐந்து குச்சிகளும் அக்ரோபோரா. கிளையின் நுனியில் ஒரு தலைமைக் கிண்ணம், அது முன்னே வளர்ந்துகொண்டே போகும், மற்றவை பக்கவாட்டில் முளைக்கும். இந்த ஏற்பாடு அக்ரோபோராவுக்கே உரியது. அதனால் கிளையை எங்கே உடைத்தாலும் மையத்தில் அதன் தடம் கிடைக்கும். கடற்கரையில் அலையில் உருண்டு வழவழப்பான துண்டிலும் இதைப் பார்க்கலாம்.

மற்ற மூன்று: மேற்பரப்பில் பொரைட்டிஸ் போன்ற தெளிவான சின்ன நட்சத்திரங்கள் தெரிகின்றனவா? அல்லது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழிகளும், அவற்றுக்கு இடையே மணல் தடவியது போன்ற சொரசொரப்புமா?

பாம்பன்வீடு எழுதியது:

சொரசொரப்பு. குழிகள் குண்டூசித் தலையைவிடச் சிறியவை.

ஆய்வுமாணவி எழுதியது:

அப்படியானால் கிளைக்கும் மாண்டிபோரா. அக்ரோபோராவின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் தலைமைக் கிண்ணம் கிடையாது. மாண்டிபோரா டிஜிட்டேட்டா மன்னார் வளைகுடாவில் நிறைய உண்டு, எனக்கு அதை எழுத ஆசை. ஐயா திட்டுவார் என்று மாண்டிபோராவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நெடுந்தீவான் எழுதியது:

கல் 1-இன் வயதைச் சொல்ல முடியுமா?

கடல்வாத்தியார் எழுதியது:

உருண்டைப் பொரைட்டிஸ் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அடர்த்தி கூடியும் குறைந்தும் ஆண்டு வளையம் போல அடுக்குகள் உண்டு. மெல்லிய வில்லையாக அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் தெளிவாகத் தெரியும், வெறும் கண்ணுக்குத் தெரிவது அரிது. கோடுகள் ஓடும் திசையில் அந்தக் கல் எவ்வளவு நீளம்?

பாம்பன்வீடு எழுதியது:

முப்பத்தெட்டு சென்டிமீட்டர். அப்படியென்றால் சுவரில் ஏறும் முன்பே அது கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு வாழ்ந்திருக்கிறது.

பெயர்ந்த இடத்தில் உள்ள எல்லாக் கற்களையும் எண்ணினேன். மொத்தம் முப்பத்தொன்று. ஊசிப்புள்ளிக் கல் இருபத்திரண்டு, தேனடை ஆறு, பள்ளம் ஓடுவது மூன்று. அந்தக் காலத்துப் பாம்பன் பாரில் பொரைட்டிஸ்தான் அதிகம் என்று இதிலிருந்து சொல்லலாமா ஐயா?

கடல்வாத்தியார் எழுதியது:

சொல்லக் கூடாது. உங்கள் சுவர் பாரின் கணக்கு இல்லை, கொத்தனாரின் கணக்கு. பொரைட்டிஸ் நுண்ணிய சீரான கல், உளி இறங்கும், சதுரமாகச் செதுக்க வரும். பிளாட்டிகைராவும் ஃபேவைட்டிஸும் விளிம்பு உதிரும். அக்ரோபோராவைச் சதுரமாக்கவே முடியாது, அதனால்தான் அது சாந்துக்குப் போயிருக்கிறது. இது கல் பார்த்துக் கட்டத் தெரிந்த ஒருவர் கட்டிய சுவர்.

மூழ்குகாரன் எழுதியது:

ஆக, நம்மில் முதலில் பொரைட்டிஸைச் சரியாக அடையாளம் கண்டவர் அந்தக் கொத்தனார்.

பாம்பன்வீடு எழுதியது:

இப்போதைய கொத்தனார் நேற்று வந்தார். சன்னலுக்குப் பக்கத்தில் ஓர் அடிச் சதுரத்தைப் பூசாமல் விடச் சொன்னேன். கல் 1-இன் ஒரு மூலை, கல் 3-இன் பாதி, மூன்று மாண்டிபோராக் குச்சிகள் அதற்குள் வருகின்றன. "வேலை தெரியாதவன் விட்ட இடம் என்று ஊரே என்னைச் சொல்லும்" என்று சண்டை போட்டார். கடைசியில் சுற்றிலும் சிமெண்டில் ஒரு சட்டம் வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார், அதற்குத் தனிக் கூலி.

வடக்குச் சுவரில் காரை இன்னும் கெட்டியாக இருக்கிறது. அதைத் தட்டிப் பார்க்கப் பாட்டி விடவில்லை.